ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

புதுக்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய டைம்ஷேர் விடுமுறைத் திட்டத்தின் விளம்பரத் தாளையும், திருச்சி ஓட்டல் கூடத்தில் அந்த விற்பனைப் பையன் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொடுத்த காகிதத்தின் படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘வாங்கலாமா அத்தை?’ என்று கேட்டிருக்கிறாய். ஐந்து லட்ச ரூபாய் காரியம், 25 வருஷத்துக்கான கையெழுத்து. உன் மகனுக்கு இப்போது ஏழு வயது. இந்த ஒப்பந்தம் முடியும்போது அவனுக்கு 32. அதனால்தான் போனில் பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

டைம்ஷேர் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வருஷம் தவறாமல் போய்வந்து போட்ட பணத்துக்கு மேலேயே அனுபவித்த குடும்பங்கள் இருக்கின்றன. அதே திட்டத்தில் சேர்ந்துவிட்டு ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்றது ஒரே பொருள்தான். யாருக்கு எப்போது லீவு கிடைக்கிறது என்பதில்தான் இரண்டு பேரும் வேறுபடுகிறார்கள். நான் சொல்லவருவது முக்கியமாக இதைத்தான்.

முதலில் பாயிண்ட், அதாவது அறை பதிய ரூபாய்க்குப் பதிலாக அவர்கள் உன் பெயரில் வைக்கிற கணக்கு. அப்பத்தா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த அம்மன் காசு உனக்கு நினைவிருக்கும். சின்னஞ்சிறு செம்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அரண்மனையில் கொடுப்பார்கள். சமஸ்தானம் இருந்தவரை அது பணம். 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்த பிறகு அது பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. உனக்குத் தருவதாகச் சொல்கிற பாயிண்டும் அப்படி ஒரு தனி நாணயம்தான், அந்தக் கம்பெனியின் எல்லைக்குள் மட்டும் செல்லும். ஆனால் அம்மன் காசுக்கு ஓர் அணாவுக்கு இருபது என்று ஊரறிந்த கணக்கு இருந்தது. பாயிண்டுக்கு அந்தக் கணக்கைக் கம்பெனியே போடும், கம்பெனியே மாற்றும். கொடைக்கானலில் மே மாதம் ஓர் அறைக்கு இத்தனை பாயிண்ட் என்று இன்று ஓர் அட்டவணை காட்டுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்தும் அதே அளவு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார். நீ அனுப்பிய தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘அவ்வப்போதைய விதிகளுக்கு உட்பட்டது’ என்று இருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அந்த வரிதான்.

இந்தப் பாயிண்ட் முறை புதிது இல்லை. 1963-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாப்பிமாக் இதை முதலில் நடத்திய நிறுவனங்களில் ஒன்று. அமெரிக்காவில் டிஸ்னி 1991-இல் தன் விடுமுறைக் கிளப்பைப் பாயிண்டிலேயே ஆரம்பித்தது. நம் பக்கத்தில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வருஷத்துக்கு ஒரு வாரம் உங்களுடையது என்று நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றார்கள். பத்து வருஷம் கழித்து 1996-இல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. ஸ்டெர்லிங் பிறகு தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போனது, அது 2014-இல் தொடங்கிய ஏற்பாடு. இதைச் சொல்வதற்குக் காரணம், 25 வருஷம் என்பது கம்பெனிக்கும் நீண்ட காலம். முதலாளி மாறலாம், ரிசார்ட் கூடலாம், நீ ஆசைப்பட்டுச் சேர்ந்த அந்த ஒரு ரிசார்ட் பட்டியலை விட்டே போகலாம். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். அஞ்சலகத்தில் சேமிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ரூபாயில் சொல்லாத எந்தக் கணக்கையும் எனக்கு நம்பத் தோன்றாது.

அந்தப் பையன் போட்ட கணக்கு இது. 25 வருஷம், வருஷத்துக்கு 7 ராத்திரி, ஆக 175 ராத்திரி. ஐந்து லட்சத்தை 175-ஆல் வகுத்தால் 2,857 ரூபாய். ‘மேடம், மூவாயிரத்துக்கும் குறைவு’ என்று அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான். வகுத்தல் சரிதான். ஆனால் இரண்டு விஷயங்களை அவன் காகிதத்துக்குள் கொண்டுவரவே இல்லை.

ஒன்று, பணத்துக்கு வட்டி உண்டு. இன்று ஐந்து லட்சத்தை ஏழு விழுக்காட்டில் போட்டு, அசலும் வட்டியுமாக 25 வருஷத்தில் எடுத்துத் தீர்ப்பதாக வைத்துக்கொள். வருஷத்துக்குச் சுமார் 43,000 ரூபாய் கைக்கு வரும். இந்த 43,000-ஐ நீ ஒவ்வொரு வருஷமும் விட்டுக்கொடுக்கிறாய். இரண்டாவது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். உன் தாளில் வரியோடு சேர்த்து 20,000 என்று போட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 63,000. ஏழால் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 9,000 ரூபாய். அவன் வட்டம் போட்ட எண்ணைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

ஏழு ராத்திரியும் போனால்தான் இந்த 9,000. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் நாலு ராத்திரியோடு திரும்பினால் ஒரு ராத்திரி 15,750 ஆகிவிடும். பராமரிப்புக் கட்டணமும் இருபதாயிரத்தில் நின்றுவிடாது. வருஷத்துக்கு ஆறு விழுக்காடு ஏறினாலே 12 வருஷத்தில் இரட்டிப்பாகி 40,000 ஆகும், 24-ஆம் வருஷம் 80,000-ஐத் தாண்டும். கட்டணத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறதா? இந்தக் கேள்வியை எழுத்தில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. இ.எம்.ஐ. போட்டு வாங்கினால் கடன் வட்டியும் இதன் மேல் ஏறும். அப்படியானால் இந்தப் பேச்சையே இத்தோடு விட்டுவிடலாம்.

ரூபாயில் பார்த்துவிட்டாய் அல்லவா, இனி ஒப்பிடுவது சுலபம். நீங்கள் போக நினைக்கிற ஊரில், அதே தேதியில், அதே அளவு அறை, பணம் கொடுத்தால் என்ன விலை? அதே ரிசார்ட்டே வெளியாளுக்கு என்ன விலைக்கு அறை கொடுக்கிறது என்று மாப்பிள்ளையைப் பயணத் தளங்களில் பார்க்கச் சொல். பல ரிசார்ட்டுகள் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அறை விற்கின்றன. மே மாதம் இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்று 14,000-க்குப் போகிறது என்றால், ஒன்பதாயிரத்துக்குக் கிடைப்பது நல்ல பேரம். ஜூலையில் ஓர் அறை நாலாயிரத்துக்குக் கிடைக்கிறபோது பாயிண்டைக் கொண்டுபோய்க் கொட்டுவது வீண். பாயிண்ட் வைத்திருப்பவர்களில் கெட்டிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அறை மலிவாக இருக்கும் காலத்தில் பணம் கொடுத்துத் தங்குவார்கள், விலை ஏறும் காலத்துக்குப் பாயிண்டைச் சேர்த்து வைப்பார்கள். ஆனால் எத்தனை வருஷம் சேர்த்து வைக்கலாம், எப்போது காலாவதியாகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அடுத்த வருஷப் பாயிண்டை இந்த வருஷமே எடுக்க விடுவார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது உன் விஷயம். கிளப் மஹிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு சீசன் வைத்திருக்கிறார்கள். ஊதாவுக்கு விலை அதிகம், எந்த சீசனிலும் போகலாம். கீழே இறங்க இறங்க விலை குறையும், கூட்டம் குறைந்த காலம்தான் கிடைக்கும். உனக்குக் காட்டிய திட்டமும் இதே மாதிரிப் படிக்கட்டுதான். உனக்குச் சொன்னது கீழிருந்து இரண்டாவது படி. ‘இதுதான் நம் கைக்கு அடக்கமா இருக்கு அத்தை’ என்று எழுதியிருக்கிறாய்.

ஆத்தா, நீ அறந்தாங்கிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உனக்கு எப்போது லீவு? மே மாதம். காலாண்டுப் பரீட்சை முடிந்து செப்டம்பர் கடைசியில் சில நாள். அரையாண்டு முடிந்து கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை. பொங்கல். தமிழ்நாடே மலையேறும் நாட்கள் இவை. கீழ்ப்படி சீசனில் வருவது ஜூலை, ஆகஸ்ட், பிப்ரவரி போன்ற மாதங்கள். அப்போது நீ கரும்பலகை முன்னால் நிற்பாய். விலை குறைவு என்று வாங்கியதை உன்னால் தொடவே முடியாது. மாப்பிள்ளை மட்டும் தனியாகப் போய்த் தங்கிவிட்டு வரவா இந்த ஐந்து லட்சம்? டீச்சர் வேலையில் இருக்கிற குடும்பத்துக்கு மேல்படி சீசன் ஒன்றுதான் பிரயோஜனப்படும், அது வாங்க முடியாத விலை என்றால் கீழ்ப்படி வாங்குவதைவிட ஒன்றுமே வாங்காமல் இருப்பது நல்லது. ஓய்வுபெற்றவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். எனக்கோ உன் மாமாவுக்கோ ஆகஸ்ட்டும் ஒன்றுதான், மே மாதமும் ஒன்றுதான். கீழ்ப்படி எங்களைப் போன்றவர்களுக்குத்தான் லாபம்.

மேல்படி வாங்கினாலும் அறை தானாகக் கிடைத்துவிடாது. மே மாத அறைக்குப் புக்கிங் எத்தனை மாதம் முன்பு திறக்கிறதோ அன்று காலையிலேயே உட்கார்ந்து பதிய வேண்டும். பள்ளிக் கல்வித்துறை வருஷ ஆரம்பத்திலேயே நாட்காட்டி வெளியிட்டுவிடுகிறது, டீச்சருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. காலாண்டு, அரையாண்டுத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் நீ பதியலாம். வெள்ளி, சனிக்கு அதிகப் பாயிண்டும் ஞாயிறு முதல் வியாழன் வரை குறைவான பாயிண்டும் எடுக்கிற திட்டமாக இருந்தால், ஞாயிறு மதியம் போய் வெள்ளி காலை இறங்கிவிடு. அதே பாயிண்டில் ஓர் இரவு மிச்சமாகக் கிடைக்கக்கூடும். கொடைக்கானலுக்கு அடித்துக்கொள்ளும் நாளில் ஏற்காடு காலியாக இருக்கலாம். காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் போட்டு வை. கட்டணமில்லாமல் ரத்து செய்யும் கெடு நெருங்கும்போது சில அறைகள் கழன்று வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘வருகிற மே இரண்டாவது வாரம், இந்த மூன்று ஊரில், நாங்கள் வாங்கப்போகிற வகையில் அறை இருக்கிறதா என்று உங்கள் உறுப்பினர் தளத்தைத் திறந்து இப்போதே காட்டுங்கள்’ என்று கேள். படம் போட்ட புத்தகத்தைக் காட்டினால் ஏற்காதே.

அறையோடு செலவு முடிவதும் இல்லை. உன் மாமனார் மாமியாரோடு சேர்ந்து நீங்கள் ஐந்து பேர். ரிசார்ட் உணவகத்தில் மூன்று வேளையும் ஐந்து பேர் சாப்பிட்டால் அறை வாடகைக்குச் சமமாகவே பில் வரக்கூடும். அடுப்படி வைத்த வீடு தருகிறார்களா, அதில் சமைக்க விடுகிறார்களா என்று விசாரி. சுடுதண்ணீர் வைத்துக் கஞ்சி காய்ச்ச முடிந்தால்கூட உன் மாமனாருக்குப் பெரிய உதவி. பெரியவர்களோடு போகிற குடும்பத்துக்கு டைம்ஷேரில் உண்மையான லாபம் அந்த இரண்டு படுக்கையறை வீடுதான். ஓட்டலில் பக்கத்துப் பக்கத்து அறையாக இரண்டு எடுப்பதைவிட அது சௌகரியம். ஒற்றை அறைக்காகப் பாயிண்ட் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது இ-பாஸ் இல்லாமல் வண்டியில் போக முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அறை உறுதியானாலும் பாஸ் கிடைத்தால்தான் மலை ஏறலாம். அறை பதிந்த கையோடு பாஸுக்கும் பதிவுசெய்ய வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாங்கியே தீருவது என்று மாப்பிள்ளை நினைத்தால், புதிதாக வாங்காமல் பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து மாற்றி வாங்க முடியுமா என்று பாருங்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், முழங்கால் வலி, இனி மலை ஏற முடியாது என்று விட்டுவிட நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். போட்ட விலையில் ஒரு பகுதிக்கே கொடுத்துவிடுவார்கள். புதுத் திட்டத்தின் விலையில் விளம்பரம், பரிசு, விற்பனைப் பையனின் கமிஷன் எல்லாம் சேர்ந்திருக்கும். கைமாறி வருவதில் அந்தச் செலவுகளை நீ சுமக்க வேண்டியதில்லை. ஆனால் நாலு விஷயத்தைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது, பராமரிப்புக் கட்டணம் நிலுவை இருக்கிறதா, பெயர் மாற்றக் கம்பெனி என்ன கட்டணம் கேட்கிறது, பழைய உறுப்பினருக்கு இருந்த உரிமை முழுவதும் உனக்கு வருமா. கம்பெனியிடமிருந்து உன் பெயருக்குக் கடிதம் வந்த பிறகுதான் முழுப்பணமும் தர வேண்டும்.

சேர்வதற்கு முன்னால் ஒருமுறை தங்கிப் பார்ப்பதும் நல்லது. தெரிந்தவர் யாராவது உறுப்பினராக இருந்தால் விருந்தாளி பெயரில் பதிந்து தருவார். அவர்கள் விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.

‘வெளிநாட்டுக்கும் போகலாம்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக அது நடக்கிறது. உன் வாரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வேறொரு ஊரில் ஒரு வாரம் கேட்கலாம். அதற்குத் தனிச் சந்தா, தனிக் கட்டணம், அப்புறம் விமான டிக்கெட். உங்கள் வீட்டில் இப்போதைக்கு அது நடக்கிற காரியம் இல்லை, அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக மதிப்புப் போடாதே.

‘போகாவிட்டால் பணமாக வட்டியோடு திருப்பித் தருவோம்’ என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. மும்பையைச் சேர்ந்த ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் அப்படித்தான் விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் ஊரெல்லாம் பணம் திரட்டியது. அது விடுமுறை வியாபாரமே இல்லை, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி 2015-இல் உத்தரவு போட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நீ வாங்குவது தங்கும் உரிமை மட்டும். அதை நிலம் மாதிரி, நகை மாதிரி நினைத்து விலை ஏறும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை’ என்று உங்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களே, எனக்கு வருத்தம் அதில்தான். நல்ல பொருளை நாளைக்கும் விற்கலாமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள 2008-ஆம் ஆண்டு விதி இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. விலகும் கெடு உன் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. அதனால் அந்தப் பக்கத்தைக் கையெழுத்துக்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும். வாயால் சொன்னதையெல்லாம், ‘பரிசாக மூன்று ராத்திரி இலவசம்’ என்பது உட்பட, மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல். அனுப்பத் தயங்குகிறவர்களிடம் வாங்க வேண்டாம்.

பிற்பாடு தகராறு வந்தால், ‘மும்பை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று மலைத்துப்போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நம் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ரசீது, மின்னஞ்சல், பென்சில் கணக்குக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதே.

என் முடிவைக் கேட்டாய். அந்தத் தாளில் இருக்கிற திட்டம் உனக்கு வேண்டாம். மாதம் 5,250 ரூபாய் வங்கியில் ஆர்.டி. போடு. 12 மாதத்தில் 63,000, மேலே வட்டி. முன்னால் நான் போட்ட கணக்கில் வருஷச் செலவாக வந்த அதே தொகை அது. அடுத்த மே மாதம் அதை எடுத்துக்கொண்டு ஏழு ராத்திரி எங்கே தங்கலாம் என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். ஒரு வருஷம் போக முடியாவிட்டால் அந்தப் பணம் உன் கணக்கிலேயே இருக்கும். இரண்டு மூன்று கோடை அப்படிப் போய்வந்தால், நீங்கள் வருஷா வருஷம் ஏழு நாள் வெளியூர் தங்குகிற குடும்பமா, மூன்றாம் நாளே வீட்டு ஞாபகம் வந்துவிடுகிற குடும்பமா என்பது தெரிந்துவிடும். ஏழு நாளும் போதவில்லை என்று தோன்றினால், மேல்படி சீசனில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பாக்கியுள்ள பழைய உறுப்பினர் உரிமை ஒன்றைத் தேடலாம். நானும் விசாரிக்கிறேன்.

இதற்கு நடுவில், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்ற செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே தங்க எங்கிருந்தெல்லாமோ வந்து போகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில் இருக்கிறது. காலாண்டு லீவில் ஒரு ராத்திரி பிள்ளையை அங்கே கூட்டிப் போய்த் தங்கிவிட்டு, காலையில் திருமயம் கோட்டையில் ஏறி இறங்குங்கள். அவனுக்கு ஆசை மலையா, கோட்டையா, நீச்சல் குளமா என்று பார்த்துக்கொண்டு அடுத்த கோடைக்குத் திட்டம் போடலாம்.

சனிக்கிழமை அவர்கள் போன் செய்வார்கள் என்றாய். எடுத்து, மூன்று கேள்வி மட்டும் கேள்: பாயிண்ட் அட்டவணையை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டா, பராமரிப்புக் கட்டண ஏற்றத்துக்கு உச்சவரம்பு என்ன, நான் விலக நினைத்தால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். பதில் மின்னஞ்சலில் வந்ததும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அத்தை